எட்டடித் தமிழ்நாடு

"கரண்ட் குடுக்க முடியாது சார். பாயோட பேனல் போர்டு வேற ஸ்டேட்ல நிக்குது."

மின்துறையின் இளநிலைப் பொறியாளர், எங்கள் பேச்சில் ஜே.ஈ., இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. புதுச்சேரி சேதராப்பட்டில் காஜா பாய் கட்டிய புது ஷெட்டுக்குள் நின்றிருந்தோம். அட்டைப் பெட்டி செய்யும் மெஷின் இறங்கி, போல்ட் முடுக்கி, எண்ணெய் போட்டுத் தயாராக இருந்தது. பத்து நாளில் ட்ரயல் ஓட்டிக் காட்டினால் ஒரு மருந்து கம்பெனியின் ஆர்டர் பாய்க்கு வரும். காட்டாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

புதுச்சேரி ஒரே துண்டான ஊர் இல்லை. நடுநடுவே தமிழ்நாடு வரும். பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக்கோடு சில இடத்தில் ரோட்டைத் தாண்டும், சில இடத்தில் ஒருவர் நிலத்தையே இரண்டாக வெட்டும். எங்கள் மின்துறைக் கம்பி அந்தக் கோட்டை ஓரடி கூடத் தாண்டக் கூடாது.

ஜே.ஈ. பின்பக்கக் கதவைத் திறந்து பக்கத்துச் சவுக்குத் தோப்பைக் காட்டினார். தோப்பின் ஓரத்தில் ஒரு மின்கம்பம் நின்றது. "அது தமிழ்நாட்டு போஸ்ட். உங்க பின்சுவர் அதுக்கும் அந்தாண்ட போயிருக்கு. அவங்க போஸ்ட் நம்ம ஊருக்குள்ள எப்படி சார் நிக்கும்?"

காஜா பாய் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "நீங்க சுண்ணாம்பு போட்ட கோட்டு மேலதான் சார் கட்டினேன்" என்றார். அவ்வளவுதான்.

உண்மைதான். தொழில் துறையில், நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற செயின்மேனாகச் சேர்ந்தவன் நான். அளக்கிறவர்கள் கையைப் பார்த்துப் பார்த்தே அளக்கக் கற்றுக்கொண்டு சர்வேயரானவன். அந்தக் கோடும் நான் போட்டதுதான்.

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் முத்தியால்பேட்டைக்காரர்கள், அப்பாவோ மாமனாரோ பஞ்சு மில்லில் வேலை பார்த்த குடும்பங்கள். துறை நடத்திய பயிற்சியில் இந்த மெஷின் வேலையைக் கற்று, ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களில் செல்விதான் முன்னால் நிற்பவள்.

"இன்னா சார், ஓடுமா ஓடாதா? துணிக்கடையில சொல்லிட்டு வந்துட்டேன், திரும்ப எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது?"

"ஓடும்மா."

"ஓடும்னு நீங்க சொல்றீங்க, உங்க மூஞ்சி சொல்லலையே."

கிளம்பும்போது ஜே.ஈ. என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார். "பாய் தள்ளிக் கட்டிட்டார்னு ஒரு வரி எழுதிடுங்க. ரிட்டயர் ஆகுற வயசுல எதுக்கு சார் வம்பு?" நல்ல மனுஷன். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரியை நான் எழுதினால், விதிமீறல் என்று பாயின் கோப்பு ஆரம்பத்திலிருந்து மறுபடி நடக்க வேண்டியிருக்கும். பத்து நாளில் அது ஒரு மேஜையைக்கூடத் தாண்டாது.

ஒரே மேஜை

மறுநாள் காலை எங்கள் துறை டைரக்டர் அம்மா முன்னால் போய் நின்றேன். "தப்பு பாயுடையது இல்லம்மா, என்னுடையது. இந்த எல்லைக் கல்லுல நின்னா அந்தக் கல்லு தெரிஞ்சுது. நேரா டேப்பைப் பிடிச்சிட்டேன். நடுவுல சவுக்குச் சருகு முழங்கால் வரைக்கும் கிடந்தது. பாம்புக்குப் பயந்து இறங்கி நடக்கல."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பாம்புக்குப் பயந்து ஒரு மாநிலத்தையே தள்ளி வெச்சிட்டீங்க." பிறகு போனை எடுத்தார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. மூன்றாம் நாள், மின்துறை, தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு, கட்டட அனுமதி தருகிறவர்கள் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லா அனுமதியும் ஒரே இடத்தில் தரும் ஒற்றைச் சாளரம் என்று போர்டில் எழுதியிருப்பதை எத்தனையோ வருஷமாகப் பார்த்தவன் நான். அந்தச் சாளரம் திறந்து காற்று வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று மதியமே சவுக்குத் தோப்பில் கூட்டு அளவை. தமிழ்நாட்டுத் தரப்பு சர்வேயர் பைக்கில் வந்து இறங்கினார். என் ஸ்கெட்ச்சில் இரண்டு கல். அவர் விரித்த பழைய படத்தில் மூன்று. தூர்ந்துபோன ஒரு வாய்க்காலோடு எல்லை வளைந்திருக்கிறது, அந்த வளைவில்தான் மூன்றாவது கல். இரண்டு பேரும் குனிந்து சருகைத் தள்ளினோம். காஜா பாய் கடப்பாறை போட்டார். நங்கென்று சத்தம். மண்ணுக்குள் கல் பத்திரமாக இருந்தது. பாம்பு எதுவும் இல்லை.

டேப்பைப் பிடித்துப் பார்த்தோம். ஷெட்டின் பின்பக்கம் எட்டடி தமிழ்நாட்டில் இருந்தது. பாயின் சொந்த நிலம்தான், ஆனால் மாநிலம் வேறு.

மேஜைக்குத் திரும்பியதும் டைரக்டர் அம்மா சொன்னார்: "எட்டடிய இடிங்க பாய், வேற வழியில்ல. பேனல் ரூம முன்பக்கம் கொண்டாங்க. அதுக்கான பிளான் திருத்தத்துல இப்பவே எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க. நம்ம பிழைக்கு அவர் க்யூவுல நிக்கக் கூடாது." பேனா கை மாறி மாறிப் போனது. எனக்கு ஒரு மெமோ வந்தது. அது நியாயம்.

சுவரை இடிக்கும் நாளில் கூலிக்கு ஆள் வருவதற்குள் செல்வி கூட்டம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டது. செங்கல்லை உடையாமல் எடுத்து, வரிசையில் நின்று கைமாற்றி, முன்பக்கம் கொண்டு போனார்கள். அதே செங்கல்லில் பேனல் ரூமும், எட்டடி உள்ளே தள்ளிப் பின்சுவரும் எழும்பின. கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் ஜே.ஈ. ஸ்விட்சைப் போட்டார். மெஷின் ஒரு முறை இருமிவிட்டு ஓடியது.

சருகில் இறங்குகிறவர்களுக்கு

நான் செயின் இழுக்க வந்த காலத்தில் கல்லுக்கு இந்தப் பக்கமும் சவுக்குத் தோப்புதான். அதே செம்மண், அதே வெயில். யாரோ ஒரு திட்டத் தாளில் ரோடு என்று எழுதினார்கள், வடிகால் என்று எழுதினார்கள், டிரான்ஸ்பார்மர், பயிற்சி என்று எழுதினார்கள். இன்றைக்கு ஷிப்ட் விடும் நேரத்தில் ஸ்கூட்டியைத் தாண்டி நடக்க வழியில்லை. அந்தத் தாளுக்கு இருக்கும் பலத்தைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். அந்தத் தாள் எங்கே நின்றுபோகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒருவன் சருகில் இறங்கி நடக்கத் தயங்குகிற இடத்தில்தான்.

அதற்குப் பிறகு எல்லையோர மனைகளில் அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே கூட்டு அளவை செய்ய வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தது. அதில் என் பெயர் இல்லை. அது ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். இரண்டு கல் கண்ணுக்குத் தெரிந்தால், மூன்றாவதைக் காலால் தேடுங்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இடித்த எட்டடியில் சிமென்ட் தரை அப்படியே இருக்கிறது. பாய் அங்கே ஒரு வேப்பங்கன்று வைத்து, மேலே பந்தல் போட்டிருக்கிறார். மதிய மணி அடித்ததும் பெண்கள் டிபன் டப்பாவோடு பின்கதவு வழியாக வந்தார்கள். செல்வி இப்போது சூப்பர்வைசர். என்னைப் பார்த்ததும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"வாங்க சார், சாப்புடலாம். உங்க புண்ணியத்துல தினம் தமிழ்நாட்டுக்குப் போய்த்தான் சாப்புட்டு வரோம். பஸ்ஸு காசுகூட இல்ல!"