அண்ணனின் முகவரிக்குத் தடை

அண்ணன் கம்ப்யூட்டரின் ஒயர் என் கையில்தான் இருந்தது. சுவரிலிருந்து நானே பிடுங்கியது. அப்படியும் என் போனில் 'டிங்'... சாயங்காலம் 6.42. மெயில். அதே கம்ப்யூட்டரிலிருந்து.

"ஒயரைக் கீழ போடு, குள்ளி."

என்னைக் குள்ளி என்று கூப்பிட்டது அண்ணன் ஒருத்தன்தான். அவன் பைக் விபத்தில் செத்து எட்டு மாதம் ஆகிறது.

சத்தியமாக இது இன்று நடந்தது. நம்பாவிட்டால் போங்கள். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அப்பாவுக்கு லாரி ஆபீஸ். கீழே ஆபீஸ், மாடியில் வீடு. ஆபீசின் மெயில் சர்வரை அண்ணன் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் பிறகு அது என் தலையில் விழுந்தது. அம்மா தினமும் அவன் முகவரிக்கு மெயில் எழுதுவாள். சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. பாதி ஆளாகிவிட்டாள். மதியம் அப்பா கூப்பிட்டார்.

"அவன் அட்ரஸுக்கு மெயிலே போகக் கூடாது. நிறுத்திடு."

"அம்மா அழுவாங்கப்பா."

"அழட்டும்டி. இப்படியே விட்டா அவளும் மிஞ்ச மாட்டா."

சர்வரில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு முகவரியை எழுதிவிட்டால், அதற்கு வரும் மெயிலை வாங்காமல் திருப்பிவிடும். சொல்லாமல் ஓடிப்போன டிரைவர்களின் முகவரிகளை அண்ணன்தான் அதில் போட்டு வைத்திருந்தான். பக்கத்திலேயே அவனுடைய குசும்பு: "ஆள் இங்க இல்ல. தேடாதீங்க." 4.15க்கு அவன் முகவரியைச் சேர்த்தேன். அதே வாசகம்.

5.30. அம்மாவின் மெயில் திரும்பியது. மாடியில் அழுகைச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை...

6.20. எனக்கு ஒரு மெயில். அண்ணனிடமிருந்து. அவனுக்குப் போவதைத்தான் நான் தடுத்திருந்தேன். அவனிடமிருந்து வருவதைத் தடுக்க யாருக்குத் தோன்றும்?

"அம்மா ஏன் பதில் போடல?"

அவன் அறையிலிருந்து வந்ததாக சர்வர் காட்டியது. ஓடினேன். பூட்டைத் திறந்தேன். கருப்புத் திரை. தூசி. ஒயரைப் பிடுங்கினேன். அப்புறம்தான் அந்த 'டிங்'.

ஒயரைப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அண்ணனுக்கு என்னம்மா எழுதுவ?"

"நான் எங்கடி எழுதினேன்? அவன் கேக்கறதுக்குப் பதில்தான் போட்டேன்."

"என்ன கேட்டான்?"

"'எப்பம்மா எங்கிட்ட வர்றே?'ன்னு. இதோ, அதோன்னு எட்டு மாசமா தள்ளிப் போட்டேன். இன்னிக்கு அதுவும் போகல."

உடனே பட்டியலில் அண்ணன் முகவரி இருந்த வரியை அழித்தேன். அம்மா எழுதினாள். போய்ச் சேர்ந்தது. ஆனால் அவன் எதுவும் கேட்கவில்லை.

இப்போது ராத்திரி 1.10. பட்டியலைத் திரும்பவும் திறந்து பார்த்தேன்.

கடைசியில் ஒரு புது வரி. நான் எழுதவில்லை.

அம்மாவின் முகவரி.

"ஆள் இங்க இல்ல. தேடாதீங்க."

அழித்தேன்... வந்தது. அழித்தேன்... வந்தது.

அம்மா என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். அசையவில்லை.

தொட்டுப் பார்க்கட்டுமா?