பழைய பொன்னியில் புதைத்த பெட்டி

டிஸ்க்கில் தொலைந்ததை மீட்டுத் தரும் தொழிலில், முதலில் திறக்க வேண்டியது டிஸ்க்கை அல்ல, கொண்டுவந்தவரின் வாயை. மனிதகுலத்தின் நன்மை கருதி இங்கே ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும்: நனைந்த மின்கருவியை அரிசி காப்பாற்றாது. பழைய அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும் என்பது மெய்தான். ஆனால் உலையில், அடுப்பு எரியும்போது. வீட்டில் டிஸ்க் வைத்திருக்கும் சக பாவிகளே, தஞ்சாவூரில் கடை வைத்துக்கொண்டு அரிசியைக் குறை சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன வருஷத்து அரிசி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, ஆரோக்கியசாமி சார் ஒரு கட்டைப் பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து என் மேஜைமேல் வைத்தார். பள்ளியில் கணக்கு வாத்தியார். பை நிறைய அரிசி. அதற்குள் கையை விட்டு ஒரு நாஸ் பெட்டியை உருவினார். வீட்டிலிருக்கும் போன், லேப்டாப் எல்லாவற்றின் கோப்புகளையும் வைஃபை வழியாக வாங்கி, தன்னுள் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளில் சேர்த்துவைக்கும் சாதனம் அது. மாடி ஒழுகி அதன்மேல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சார் எல்லாவற்றையும் கழற்றி, அரிசி டிரம்மில் இரண்டு நாள் புதைத்துவைத்து, மறுபடி பூட்டி பிளக்கைச் சொருகியிருக்கிறார். புகை வந்திருக்கிறது.

உள்ளே இருந்தது அவர் மனைவி செசிலி டீச்சரின் முனைவர் பட்ட ஆய்வு. மூன்று குறுவையாக வயல் வயலாக இறங்கி, இலைச்சுருட்டுப் புழுவை எண்ணி எழுதிய குறிப்புகளும் படங்களும். வேறு பிரதி கிடையாது. திங்கட்கிழமை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். பெட்டி சர்வீஸுக்குப் போயிருப்பதாக டீச்சரிடம் சொல்லிவைத்திருந்தார்.

“தப்பு எங்க நடந்துச்சுன்னே தெரியல தம்பி. புது அரிசின்னாகூடப் பரவாயில்ல, போட்டது போன வருஷத்துப் பொன்னி!”

ஜெபமாலை நேரம்

பெட்டியின் போர்டு கருகியிருந்தது. அது போகட்டும், டிஸ்க் பிழைத்தால் போதும். இரண்டிலும் ஒரே கோப்புகள்தான். ஒன்று போனால் மற்றது இருக்கும். டிஸ்க்குக்கு நான்கு என்று எட்டுத் திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தன. “வாங்கினப்பவே ஏழுதான்” என்றார் கணக்கு வாத்தியார்.

முதல் டிஸ்க் கோடையிலேயே செத்துப்போயிருந்தது. டீச்சரின் மூன்றாவது குறுவை முழுவதும் இரண்டாவதை மட்டுமே நம்பி இருந்திருக்கிறது. “ஒரு டிஸ்க் போனா பெட்டி விடாம பீப் அடிக்குமே சார்?” என்றேன்.

“அடிச்சுது தம்பி. ஜெபமாலை சொல்ல நாங்க ஆரம்பிச்சா அதுவும் கூடவே ஆரம்பிக்கும். செட்டிங்ல போய் அது வாயை அடைச்சிட்டேன்.”

காலி டிரம்

இரண்டாவது டிஸ்க்கின் இணைப்பு வாயில் ஓர் அரிசி நொய் நெட்டுக்குத்தாக நின்றது. ஊசியால் எடுத்தேன். துடைத்து, நல்ல டிஸ்க் ஒன்றுக்கு அப்படியே முழுதாகப் பிரதி எடுக்க விட்டேன். படிக்கமுடியாத இடம் வரும்போதெல்லாம் அது நின்று யோசித்தது; சாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மதியம் பாதி தாண்டியபோது கதவைத் தள்ளிக்கொண்டு செசிலி டீச்சர் வந்தார். முன்பு அவருடைய பென் டிரைவை மீட்டுத் தந்தவன் நான்தான், கடை தெரியும்.

“உலை வச்சிட்டு அரிசி அள்ளப் போனா டிரம்மு காலி. சர்வீஸுக்கு அரிசியும் சேத்தா கொடுக்கணும்?” என்றார் கணவரிடம். சார் அரிசிப் பையைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினார்.

சாயங்காலம் கோப்புகள் திறந்தன. டீச்சர் நின்றபடியே ஒவ்வொரு வயலாகப் பார்த்தார். இரண்டு படங்கள் பாதி வெறும் சாம்பல் நிறமாக வந்தன. “இது போனாப் போகுது, வேற கோணத்துல இருக்கு” என்றார். கடைசி வயலின் கடைசி எண்ணிக்கை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சார் சிலுவை போட்டுக்கொண்டார். நான் டீ சொன்னேன். பிரதி இரண்டு கேட்டு வாங்கி, இரண்டையும் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார் டீச்சர்.

“அந்த அரிசியைத் தூக்கிட்டு வாங்க. அதையாவது முழுசா வீடு கொண்டு சேருங்க.”

டீச்சரின் ஆய்வு திங்கட்கிழமை நெறியாளரிடம் போய்ச் சேர்ந்தது, எட்டாவது திருகாணி செவ்வாய்க்கிழமை மதியச் சோற்றில் கிடைத்தது, சார் இப்போது இடது பக்கமாக மட்டும் மென்று சாப்பிடுகிறார்.