கேமில் வைத்த சக்கர நாற்காலி

ஏம்பலத்தில் கரும்பு டிராக்டர் கவிழ்ந்ததில் என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார மறுத்து, கட்டிலில் சுவரைப் பார்த்தே கிடந்தார். அவரைத் தூக்கித் துடைத்து, வேலைக்கும் போய்வந்து எனக்குத் தெம்பே இருக்காது. அந்த அலுப்பில் லேப்டாப்பில் ஒரு பழைய கேம் ஆடுவேன். வீடு கட்டி, அதில் ஒரு குடும்பத்தை வாழவைக்கும் கேம்.

அதில் சக்கர நாற்காலி கிடையாது. இப்படிப்பட்ட குறைகளுக்கு, ஆடுகிறவர்களே 'மோட்' என்று சின்னச் சின்ன இணைப்புகள் செய்து இலவசமாகப் போடுவார்கள். தேடினேன். முகம் தெரியாத யாரோ சக்கர நாற்காலியும் செய்திருந்தார். சேர்த்ததும், என் கணவர் சாயலில் நான் உருவாக்கிய ஆள் அதை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டான்.

"இன்னாடி, அங்கயே நிக்கிறான்?"

திரும்பினேன். கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி இருக்குதுங்க. எறங்க முடியல."

"அத்த எடுத்துட்டு சரிவா போடேன்."

போட்டேன். அவன் தெருவில் இறங்கிப் போனான். அவன் போவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம்ம வூட்டு படிக்கும் கொத்தனார கூப்டு" என்றார்.

இப்போதும் அவரைத் தூக்கி உட்காரவைப்பது நான்தான். அலுப்பு குறையவில்லை. ஆனால் வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் நாற்காலியோடு காத்திருக்கிறார். பார்த்ததும், இன்னும் ஒரு நாளை ஓட்டிவிடலாம் என்று தோன்றுகிறது.