அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தவள்

எங்கள் அப்பாவைக் கொண்டுபோனவளை அம்மா ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, நான் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். இன்றுவரை வெட்கம் வரவில்லை.

அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது வீட்டை விட்டுப் போய், பேட்டையில் ஒரு தையல்காரியோடு குடியிருந்தார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஏறுகிற பஸ்ஸில் சில நாள் அவர்தான் டூட்டியில் இருப்பார். “பாஸ்” என்று அட்டையை நீட்டுவேன். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார். ஐந்து வருடம் இப்படியே போனது. அம்மா ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்து என்னை வளர்த்தாள். அப்பா இறந்தபோது அவள் மட்டும் போய்வந்தாள். நான் போகவில்லை.

சனிக்கிழமைதோறும் அம்மா எங்கள் சபைப் பெண்களோடு பெரியாஸ்பத்திரிக்குப் போவாள். நோயாளிகளுக்கு ரொட்டி கொடுத்து ஜெபம் பண்ணிவிட்டு வருவார்கள். அப்படி ஒரு நாள் பெண்கள் வார்டில் அந்தத் தையல்காரி கிடந்திருக்கிறாள். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கொண்டுவந்து சேர்த்த தம்பி அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாளாகியும் கூட்டிப் போக ஆளில்லை. மற்ற பெண்கள் ஜெபத்தை முடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள்.

“அவளுக்கு வேற யாரும் இல்லலே” என்றாள் என்னிடம்.

“அவ அப்பாவக் கூட்டிட்டுப் போனப்போ நமக்கு யாரும்மா இருந்தா?”

“யாரும் இல்ல. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா. அதான் கூட்டிட்டு வந்தேன்.”

நான் பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இரும்பு தூக்கிப் பழகிய கை. அதனால் தினமும் காலையில் அவளைத் தூக்கி உட்கார வைப்பது என் வேலையாகிவிட்டது. முகத்தைப் பார்க்க மாட்டேன். தூக்குவேன், வைப்பேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அம்மா அவளை அன்பாகப் பார்த்துக்கொண்டாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. துணி மாற்றும்போது திட்டிக்கொண்டேதான் மாற்றுவாள். “பாவி, எம்புள்ள அழுதுக்கிட்டே பள்ளிக்கொடத்துக்குப் போனாம்டி. ஒனக்கு அப்போ கண்ணு எங்கன போச்சு?” என்பாள். சொல்லிக்கொண்டே முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவாள். பைய, வலிக்காமல்.

“இவ்வளவு கோவத்த வச்சிக்கிட்டு எதுக்கும்மா செய்யுத?” என்று ஒருநாள் கத்தினேன்.

“கோவம் போன பெறவு செய்யலாம்னு இருந்தா, அதுக்குள்ள அவ முதுகு புண்ணாப் போயிரும்லே.”

லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், பிறருக்காகத் தன்னையே கொடுக்கும் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இளவயதுக்காரர், புதிதாக வந்தவர். நடுவில் அம்மாவை உதாரணமாகச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா எங்களை விட்டுப் போன வருடத்தில் எங்கள் வாசலில் ஒரு நாளும் வந்து நிற்காதவர்கள் இவர்கள். அம்மாவின் கஷ்டம் இன்று இவர்களுக்கு ஒரு நல்ல பிரசங்கமாகிவிட்டது. உருகிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து நின்றாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

போதகர் பிரசங்கத்தை நிறுத்தினார்.

“என்னப் பத்திச் சொன்னிய, சரி. எனக்கு அறுவத்தெட்டு வயசு. இடுப்பு போயிட்டு. வார செவ்வாக்கெழம எம்மவன் விடியக்காலமே வேலைக்குப் போயிருவான். அவளத் தூக்க ஆளு வேணும். யாரு வாரிய?”

கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து, “பெறவு பேசிக்கிடலாம்மா, உக்காருங்க” என்றார்.

“பெறவுன்னா என்னைக்கி?” என்று கேட்டுவிட்டு அம்மா நின்றுகொண்டே இருந்தாள். ஆராதனை முடியும்வரை உட்காரவில்லை.

அந்த வாரம் வீட்டுக்கு ஆப்பிள் வந்தது, சத்துமாவு வந்தது, போர்வை வந்தது. செவ்வாய்க்கிழமை ஆளாக வந்தவர் போதகர் மட்டும்தான். அங்கி இல்லாமல், பழைய சட்டையோடு வந்தாராம். படுக்கையில் மலம் பிடிக்கும் பெட் பேனை எடுத்துக் கொட்டப் போனவர் கொல்லையில் வாந்தி எடுத்திருக்கிறார். அடுத்த வாரமும் வந்தார். அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வசவுகளை என்ன செய்வதென்று தெரியாமல், அதற்காகவும் அவர்மேல் எரிச்சல்பட்டேன்.

ஆனி மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழ முடியவில்லை. எல்லாவற்றையும் நான் ஒருவனே செய்ய வேண்டியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து அந்தத் தையல்காரியைத் துடைக்கும்போது அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏதோ சொல்லப் பார்த்தாள். வெறும் சத்தம்தான் வந்தது. மன்னிப்புக் கேட்டாளா, வலிக்கிறது என்றாளா, எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அம்மாவைவிட மூத்தவளாகத் தெரிந்தாள்.

“அழாதிய” என்றேன். “வெந்நி சுடுதா?”

இல்லை என்று தலையாட்டினாள். அவளிடம் நான் பேசியது அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு நண்பகல், அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் உயிர் போய்விட்டது. செய்தி கேட்டு அவள் தம்பி ஓடிவந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். சட்டையைப் பிடித்து வெளியே தள்ளப் போனேன்.

“விடுலே” என்றாள் அம்மா. “தூக்க நாலு பேரு வேணும்லா.”

அவன் முன்னால், நான் பின்னால், போதகரும் எதிர்வீட்டுக்காரரும் இன்னொரு பக்கம். அவள் வீட்டு வழக்கப்படி ஆற்றங்கரைச் சுடுகாடுவரை தூக்கிக்கொண்டு போனோம். வழி முழுக்க எனக்கு ஆத்திரம். அப்பாமேல், முன்னால் நடந்த தம்பிமேல், வாசலில் நின்று வேடிக்கை பார்த்த சபைக்காரர்கள்மேல், இதையெல்லாம் செய்யச் சொன்ன ஆண்டவர்மேலும்தான்.

திரும்பி வந்தபோது அம்மா மெத்தை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளுக்காக அழுதிருக்கிறாளே என்று அதற்கும் கோபம் வந்தது. ஈரத் துணியின் மறுமுனையைப் பிடித்து, அம்மாவோடு சேர்ந்து பிழிந்தேன்.