பதினேழாம் பக்கத்து ஏணி

நாற்பத்திரண்டு பக்கம், எழுதி முடிக்கப் பதினொரு நிமிடம். கட்டட நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியான சந்திரமௌலியின் வேகம் இது. பழைய வேலையின் பாதுகாப்புத் திட்டத்தைத் திறப்பார், இடத்தின் பெயரையும் தேதியையும் மாற்றுவார், அட்டை போடுவார். ராயப்பேட்டையில் எழும் ஏழு மாடிக்கும் அப்படித்தான். தரமணி என்ற சொல் போய் ராயப்பேட்டை வந்தது. மற்றதெல்லாம் தரமணியாகவே இருந்தது.

வயது ஐம்பத்து நான்கு. மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நெற்றி விபூதி கலையாமல் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டுவார். எட்டு மணிக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தித் திட்டத்தை ஒரே மூச்சில் வாசிப்பார்.

"இன்னா சார், மந்திரம் முட்ஞ்சிச்சா? பிரசாதம் இன்னா?" என்பார் சாரம் கட்டும் ஷாஹுல் ஹமீது. சிரிப்பு எழும். பிறகு கையெழுத்து, கைநாட்டு, வேலை.

போன செவ்வாய்க்கிழமை பலகை நழுவி, ஷாஹுல் ஹமீது இரண்டாம் மாடி உயரத்தில் பாதுகாப்பு பெல்ட்டில் தொங்கினார். அப்படித் தொங்குபவரைச் சட்டென்று இறக்காவிட்டால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து. திட்டத்தில் அதுவும் இருக்கிறது. சித்தாள் சொர்ணம் ஏணி எடுக்கக் கிழக்கு மூலைக்கு ஓடினார். அங்கே வெறும் சுவர். மேலிருந்து நாலு பேர் கயிறு போட்டு இழுத்து முடிக்கப் பத்தொன்பது நிமிடம். ஷாஹுல் பிழைத்தார், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

'மீட்பு ஏணி, கிழக்கு மூலை': பதினேழாம் பக்கம். அந்த ஏணி இருந்தது தரமணியில். விசாரிக்க வந்தவர்கள் அட்டையையும் கையெழுத்துகளையும் புரட்டிவிட்டு, "பேப்பர்லாம் பக்கா சார்" என்று கைகுலுக்கினார்கள். அன்று சந்திரமௌலி அந்தக் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். வாசிப்பதை யாரும் கேட்பதில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். ஒருவர் கேட்டிருக்கிறார்.

இன்று காலை பதினேழாம் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வாசித்து முடித்தார். முதலில் வந்த சொர்ணம், கட்டைவிரலை மையில் அழுத்தியபடியே குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனச்சுக்காத சார். நீ டெய்லி படிக்கிற. நாந்தான் சரியா காதுல வாங்கல. வேற எங்கியோ ஓட வேண்டியது, கெயக்கால ஓடிட்டேன். பாய் பொண்டாட்டி மூஞ்சில முயிக்க முடியல."

சந்திரமௌலி திட்டத்தை மூடி வைத்தார். "நீங்க சரியாத்தான் கேட்டேள்மா. தரமணி ஏணிய நான்தான் இங்க எழுதி வெச்சுட்டேன்."

"அப்போ இங்கத்து ஏணி?"

"வாங்கவே இல்ல."

சொர்ணம் மை தோய்ந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரிசையை விட்டு நகர்ந்தார். அடுத்து நின்றவரும் பேனாவைத் தொடவில்லை.

சந்திரமௌலி மைப்பெட்டியை மூடிவிட்டு ஏணிக் கடைக்குப் போன் செய்தார். புது ஏணி பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறது. அதுவரை சாரத்தில் யாரும் ஏறப்போவதில்லை.