காய்ந்த தோலும் கரமனை மாமியும்

காய்ந்துபோன பழைய தோலைச் சரிசெய்வது என் தொழில். ஆனால் தோலைவிட அதன் சொந்தக்காரர்கள்தான் என்னை நடுங்க வைக்கிறார்கள். மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து, பெல்ட்டில் பச்சைப் பூஞ்சையைப் பார்த்து அலறியவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

கரப்பான் குடும்பம்

தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குக் கீழே என் கடை. பொன்முடி எஸ்டேட்டில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், வெள்ளைக்காரன் காலத்துத் தோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். திறந்தேன். கெட்டுப்போன எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. கூடவே கரப்பான்கள் என் சட்டைக்குள் புகுந்தன. நான் போட்ட கூச்சலில் லாட்ஜ் மேனேஜரே இறங்கி வந்துவிட்டார். தோல் காயக் கூடாது என்று தேங்காயெண்ணெய் தேய்த்தே வளர்த்திருக்கிறார் மனிதர். தையல் மக்கிப்போயிருந்தது. ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்றேன், சட்டையை உதறியபடி.

"நல்ல வெளிச்செண்ணெய் கேட்டோ, வீட்டுத் தேங்காய் ஆட்டினது. தலைக்குப் பிடிக்கிறது பெட்டிக்குப் பிடிக்காதா?"

கொழுப்பு விசாரணை

கரமனை அக்ரஹாரத்திலிருந்து கிருஷ்ணமூர்த்தி சார் வந்தார். வங்கியில் வேலை பார்த்தவர், பழைய கேமரா சேகரிப்பவர். அப்பா வைத்திருந்த கேமராவின் தோல் உறை அப்பளமாகக் காய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய கேமராக் கண்காட்சி. அப்பாவின் கேமராவை அதன் சொந்த உறையோடு வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சொல்லும்போதே கண் கலங்கியது. களிம்பு டப்பாவைத் திறந்தேன். பட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார். மாட்டுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"தோல் கிடக்கட்டும். இந்தக் களிம்புல மிருகக் கொழுப்பு ஏதாவது சேர்ந்திருக்கோ?"

கொடியில் தொங்கியது

தேன்மெழுகுதான் என்று சத்தியம் செய்து, பக்குவமாகக் களிம்பேற்றி, உறையை மெத்தென்று ஆக்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை போன். "உடனே வாங்கோ" என்றார் சார். போனை வைத்துவிட்டார். பஸ் பிடித்து ஓடினேன்.

கொல்லைப்புறத்துக் கொடியில், வேஷ்டிக்கும் துண்டுக்கும் நடுவே, கொளுத்தும் வெயிலில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது உறை! சார் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறை சுருங்கி, கேமரா உள்ளே போக மறுத்தது. என் கை பட்டதற்காகக் கழுவினார்களோ என்று ஒரு கணம் சுருக்கென்றது. இல்லையாம். கடையிலிருந்து வரும் புது பிளாஸ்டிக் வாளிக்கும் அந்த வீட்டில் இதே கதிதானாம். சாரின் மனைவி, அந்த வீட்டு மாமி, எனக்குக் காபியை நீட்டியபடி ஆறுதல் சொன்னார்.

"அலம்பாம எப்படி உள்ளே எடுக்கறது? சோப்பு போடலை, பயப்படாதேங்கோ."

கண்காட்சி

உறைக்குள் கேமரா அளவு மரக்கட்டையைச் செருகி, களிம்பு தடவி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டதில் கேமரா ஒருவழியாக உள்ளே போனது. ஆனால் உறையின் முகமெல்லாம் வெடிப்பு, திட்டுத் திட்டாக நிறம். அவமானத்தில் கண்காட்சி அரங்கின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பக்கத்து மேசையில் நான் சரிசெய்த வேறொரு உறை பளபளத்தது. சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வந்திருந்த மலையாளிப் பெரியவர் அதைப் பார்த்து, "இது புதியதல்லே?" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு சாரின் மேசைக்கு வந்தார். வெடிப்புகளை விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"இதாணு அசல் பழமை! ஆரும் தொட்டிட்டே இல்ல!" என்று முதல் பரிசை அங்கேயே அறிவித்தார்.

சார் அழுதேவிட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். மாமி மட்டும் நிதானமாக என்னிடம் வந்தார்.

"பார்த்தேளா, எல்லாம் அலம்பினதுனாலதான்!"

களிம்பு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கடை வாசலில் ஒரு துணிக்கொடி கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.