ரப்பர் குழாய் தின்ற ஓசோன்

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். காற்றிலுள்ள ஓசோனை அளக்கும் பழைய கருவி ஒன்று கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் அலுவலக மொட்டைமாடியில், என் பொறுப்பில் இருந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து புதுக் கருவி வந்தது. அதைக் கொட்டாஞ்சேனையில், துறைமுகம் தெரியும் ஒரு கட்டடத்தின் மாடியில் வைத்தார்கள். என் கருவியையும் அங்கே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எந்நேரமும் என்னுடையதே கூடக் காட்டியது. அப்படியென்றால் பிழை என்னுடையதில்தானாம், கழித்துவிடலாமாம். நான் வருடக்கணக்காக எடுத்த அளவீடுகளும் அதோடு குப்பைக்குப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒப்பிட்ட இடத்துக்கு என்னை விடவேயில்லை. எங்கள் பிரிவுத் தலைவர் யாழ்ப்பாணத்தவர், சத்தம் போடாத மனுசன்.

"பிள்ளை, துறைமுகம் தெரியிற மாடியில எங்கட தமிழ் ஆக்கள் நிக்கிறது கரைச்சல். மற்றவை பாத்தவைதானே?"

"அவை என்னத்தைப் பாத்தவை, சேர்? புது மெஷினுக்கு என்ன குழாய் பூட்டியிருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. நானே விசாரித்தேன். கருவியோடு வந்த வெள்ளை டெஃப்லோன் குழாயைச் சோதனைச் சாவடியில் சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்துவிட்டார்களாம். திருப்பிக் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. புறக்கோட்டையில் கறுப்பு ரப்பர் குழாய் வாங்கிப் பூட்டியிருந்தார்கள். ரப்பர் ஓசோனைத் தின்னும். உள்ளே போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான். என்னுடையதில் இருந்ததோ ஓசோனைத் தின்னாத வெள்ளை டெஃப்லோன் குழாய். ஆனாலும் புதியதை யார் சந்தேகிப்பார்கள்? மாமியார் உடைத்தால் மண்குடம்தானே.

அடுத்த நாள் காலை கொட்டாஞ்சேனைக் கட்டடத்தின் வாசலில் போய் நின்றேன். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் திரும்பிப் போகச் சொன்னான். நான் போகவில்லை. மத்தியானம் வரை அந்த வெயிலிலேயே நின்றேன். தலைவருக்குச் செய்தி போய், அவர் வியர்த்து விறுவிறுக்க வந்து பேசிய பிறகு, துவக்கோடு ஒரு சிப்பாயையும் கூட அனுப்பி ஏற விட்டார்கள்.

மேலே இரண்டு குழாய்களையும் கழற்றி மாற்றிப் பூட்டினேன். "மே மொனவத?" என்றான் சிப்பாய். இதெல்லாம் என்னவென்று கேட்கிறான். காற்று அளக்கிற பெட்டிகள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் புதுக் கருவியின் எண் ஏறியது. ரப்பர் பூட்டிய என்னுடையது இறங்கியது.

"ஓம் பிள்ளை, உம்மட மெஷின் சரிதான்," என்றார் தலைவர். "இனி மற்றவை வந்து பாப்பினம். என்ன செய்யிறதெண்டு நீர் வெள்ளவத்தையில இருந்து போனில சொன்னால் காணும்."

கருவியை நம்பிவிட்டார்கள், என்னை நம்ப மாட்டார்கள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழவில்லை.

"ஏலாது, சேர்," என்றேன். புதுக் கருவியில் பூட்டியிருந்த என் வெள்ளைக் குழாயைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தேன். "எனக்கு இங்க ஏறப் பாஸ் எடுத்துத் தாற அண்டைக்கு இதையும் கொண்டுவாறன்."